அடம் பிடித்த எஞ்சின்

பெருமாநல்லூர் என்றவுடன் நேயர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்திமான்களாயிருந்தால் கொண்டத்துக் காளியம்மன் கோவிலும், பங்குனியில் அங்கே ஜனங்கள் பூமிதிக்கும் குண்டமும் ஞாபகம் வரும். தேச சரித்திரத்தில் ஈடுபாடு உள்ளவர்கள், பக்கத்திலுள்ள திருப்பூரையும், 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அங்கே கொடியைக் கையில் பிடித்தபடி அடிபட்டு வீழ்ந்த குமரனையும் நினைத்துக்கொள்வார்கள். வியாபாரிகளுக்குப் பனியனைத் தவிர வேறொன்றும் ஞாபகம் வராது. ஆகாய விமானம் ஞாபகம் வருகிறவர் ஒருவரும் இருக்கமாட்டார். நமக்கும் அப்படித்தான் இருந்தது, சென்ற தடவை அங்கே போய் வரும் வரையில்.

நாம் போனது வேறு காரியமாக. 1970-ஆம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, விவசாய மின்சாரக் கட்டணத்தில் ஒரு பைசா உயர்த்தியதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த குடியானவர்கள்மீது பெருமாநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மூன்று பேர் உயிர் துறந்தார்கள். ஒரு பைசாவுக்காகவா உயிரைக் கொடுத்தார்கள் என்று கேட்கிறவர்கள், அந்தப் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அறுபதடி, எழுபதடி, அதற்கும் கீழே தண்ணீர். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருவதுதான் வெள்ளாமை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, பழைய நண்பர் ஒருவருடைய வீட்டில் மூன்று நாள் தங்கினோம்.

நண்பர் பனிரண்டு பவர் டேபிள் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறார். வீட்டுக்குப் பின்புறம் தகரக் கொட்டகை. அதில் ஓவர்லாக் யந்திரங்களின் இரைச்சல். அந்த இரைச்சலையும் மீறி, கொட்டகைக்கு அப்பால் வேப்ப மரத்தடியிலிருந்து வேறொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. "டப்" என்று ஒரு சத்தம். பிறகு நிசப்தம். மறுபடியும் "டப்." மறுபடியும் நிசப்தம்.

"அது என்ன?" என்று கேட்டோம்.

"அதைக் கேக்காதீங்க" என்றார் நண்பர். "எம்பட பையன் ஏரோப்ளேன் ஓட்டறானுங்க."

போய்ப் பார்த்தோம். கனமான மரப் பலகை ஒன்று, அதன்மேல் இறுக முடுக்கிய ஒரு சிறு எஞ்சின், எஞ்சினின் மூக்கில் பதினாறு அங்குல நீளமுள்ள மரச் சுழல்விசிறி. எஞ்சின் மொத்தமே உள்ளங்கையில் அடங்கும், இருபது சி.சி. கொள்ளளவு. ஆனால் பொம்மை அல்ல. பிஸ்டன் உண்டு, சிலிண்டர் உண்டு, ஸ்பார்க் பிளக் உண்டு, கார்புரேட்டர் உண்டு. பெட்ரோலில்தான் ஓட வேண்டும், ஓடினால்.

பையன் என்ஜினீயரிங் கல்லூரியில் மூன்றாவது வருஷம் படிக்கிறான். லீவு நாட்களில் தகப்பனார் கொட்டகையிலேயே அயர்ன் தேய்த்துச் சம்பாதித்த பணத்தில், இன்னொருவர் உபயோகித்த அந்த எஞ்சினை வாங்கியிருந்தான். விமானத்தின் உடலையும் இறக்கையையும் பால்ஸா மரத்தில் தானே செய்து, மாடியில் துணி போர்த்தி வைத்திருந்தான். எஞ்சின்தான் அடம் பிடித்தது. மாசி மாதம் ஒழுங்காக ஓடிற்றாம். பரீட்சைக்காக மூன்று மாதம் எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தால், கிளம்ப மாட்டேன் என்கிறது. நான்கு நாளாகச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வீங்கிவிட்டது. தகப்பனார் அன்று காலையில்தான் கெடு வைத்திருந்தார்: இரண்டு நாளில் ஓடாவிட்டால் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மீதி லீவு முழுவதும் கட்டிங் டேபிளில் நிற்க வேண்டும் என்று.

கொங்கு நாட்டில் யந்திரத்தோடு மல்லுக்கு நின்ற முதல் பிள்ளை இவன் அல்லவென்று நண்பருக்கு ஞாபகப்படுத்தினோம். இங்கிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஸ்ரீ ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள். கோயமுத்தூரில் ஹோட்டல் சிப்பந்தியாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கினவர் ஏறிச் சவாரி போனாரா? இல்லை, அக்கக்காகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதும், 1937-ல் ஸ்ரீ பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்ததும் அதற்குப் பிறகு வந்த கதை. இன்று நம் கிணறுகளில் ஓடும் மோட்டார்களில் எத்தனையோ கோயமுத்தூரில் செய்யப்பட்டவை அல்லவா?

"ஜி. டி. நாயுடு கழட்டினாரு, பூட்டினாரு, வண்டி ஓடுச்சு" என்றார் நண்பர். "இவன் கழட்டறான், பூட்டறான், அவ்வளவுதானுங்க."

இதற்குப் பதில் சொல்ல நம்மால் முடியவில்லை.

*

அன்று மாலை வேப்ப மரத்தடிக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தார். பையனுடைய தாயாரின் தகப்பனார். எண்பது வயது தாண்டியவர். பையன் "அப்புச்சி" என்று கூப்பிட, நாமும் மனத்திற்குள் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டோம். சிறு வயதில் இரண்டு ஜோடி மாடு பூட்டிக் கவலை இறைத்தவர். பிறகு தகப்பனார் கடன் வாங்கி ஆயில் எஞ்சின் வைத்தார். அதன் பிறகுதான் அவர்கள் தோட்டத்துக்கு மின்சாரம் வந்தது. பைகாரா மின்சாரம் 1930-களிலேயே கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்துவிட்டதென்றாலும், கடைசிக் கிணறு வரையில் கம்பி போக வெகு காலம் பிடித்தது. எனவே ஆயில் எஞ்சின் அடம் பிடித்தால் என்னவாகும் என்பது அப்புச்சிக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. கத்தரிச் செடி ஒரு நாள் தாங்கும். இரண்டாம் நாள் தலை சாய்க்கும்.

"சாமி, சும்மா சுத்தாதே. எதுனால கெளம்பலைன்னு அதையே கேளு" என்றார் அப்புச்சி.

எஞ்சினிடம் எப்படிக் கேட்பது? கேட்க முடியும் என்பதை அன்று நாம் தெரிந்துகொண்டோம். பெட்ரோல் எஞ்சின் எதுவாயினும் அது ஓடுவதற்கு மூன்று சமாசாரம் வேண்டும். உள்ளே போகும் காற்றோடு பெட்ரோல் தக்க அளவில் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவையைப் பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். அழுந்திய தறுவாயில் பொறி விழ வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் எஞ்சின் பேசாது. எது குறைகிறதென்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல், ஒரே சமயத்தில் நாலு திருகாணியையும் திருகிப் பார்ப்பதுதான் நம்மவர்களின் சாதாரண வழக்கம். பையனும் அதைத்தான் செய்திருந்தான்.

அழுத்தத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. பொறிக்கான மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அப்புச்சி விசிறியைக் கையால் மெல்லத் திருப்பினார். ஓரிடத்தில் வந்ததும் ஸ்பிரிங் போல் எதிர்த்துத் தள்ளிற்று. "நெஞ்சு பலமாத்தான் இருக்குது" என்றார்.

அடுத்தது பொறி. பையன் பொறி இருக்கிறதென்று சாதித்தான். வெயிலில் நின்று பார்த்திருக்கிறான். வெயிலில் பொறி எங்கே தெரியும்? கொட்டகையின் இருட்டு மூலைக்குப் பலகையைத் தூக்கிப் போனோம். முதலில் எஞ்சினிலிருந்த பெட்ரோலை வடித்து, தொட்டியைக் கழற்றித் தூர வைத்தோம். பிளக்கை வெளியே எடுத்து, அதன் தொப்பிக்குள் செருகி, பிளக்கின் உலோகப் பாகம் எஞ்சினின் உலோகத்தைத் தொட்டிருக்கும்படி வைத்தான். இது முக்கியம். இந்தச் சிறு எஞ்சின்களில் மின்னணுப் பெட்டி ஒன்று மின்கலத்தின் சொற்ப சக்தியைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக விடுகிறது. அந்த உயர்ந்த மின்சாரம் போய்ச் சேர வழியில்லாமல் பிளக்கை அந்தரத்தில் தொங்கவிட்டால் பெட்டியே பழுதாகிவிடக்கூடும். விசிறியின் அச்சில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. அது உணர்வியைக் கடக்கும் க்ஷணத்தில்தான் பொறி விழும். திருப்பிப் பார்த்தோம். பொறி விழுந்தது, ஆனால் மங்கலாக, சிவந்து, ஒன்று விட்டு ஒன்றாக. மின்கலம் மூன்று மாதம் சும்மா கிடந்து வற்றியிருந்தது. இரவு முழுதும் மின்னேற்றினான். பிளக்கின் இடைவெளியும் அகன்றிருந்தது. அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சரி செய்தான். மறுநாள் காலையில் நீலப் பொறி, பளிச்சென்று, "டிக் டிக்" என்ற சத்தத்தோடு விழுந்தது.

இனி ஓடிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். ஓடவில்லை.

*

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே போவது பாவம். பதினாறு அங்குல விசிறி நிமிஷத்துக்கு எட்டாயிரம் தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் நேயர்கள் போட்டுப் பார்க்கலாம். விரல் அதன் வழியில் வந்தால் விரல் இருக்காது. வெறும் கையால் சுற்றக் கூடாது. தடித்த தோல் கையுறையோ, ரப்பர் சுற்றிய கோலோ அவசியம். எஞ்சின் பலகையோடும், பலகை பூமியோடும் அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். கிளம்பியவுடன் விசிறிக்குப் பின்புறம் போய்விட வேண்டும். பக்கவாட்டில், விசிறி சுற்றும் தளத்துக்கு நேராக ஒருவரும் நிற்கக் கூடாது. முக்கியமாக, கிளம்பாத எஞ்சின்தானே என்று அலட்சியமாயிருக்கக் கூடாது. நாற்பது தடவை கிளம்பாத எஞ்சின் நாற்பத்தோராவது தடவை, நாம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில்தான் கிளம்பும். பையனுடைய வலது ஆள்காட்டி விரலில் ஒரு பழைய தழும்பைப் பார்த்தோம். அதைப் பற்றி அவன் தாயாரிடம் சொல்லவில்லையாம். ஆகவே நாமும் சொல்லவில்லை.

மறுபடியும் விஷயத்துக்கு வருவோம்.

பொறி சரியானால் அடுத்தது பெட்ரோல். அப்புச்சி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். மூன்று மாதம் கிடந்த பெட்ரோல். அது வெறும் பெட்ரோலும் அல்ல. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலோடு கலப்பது நம் தேசத்தில் படிப்படியாக உயர்ந்து, 2022-ல் பத்து சதவீதத்தையும் 2025-ல் இருபது சதவீதத்தையும் எட்டியது. அந்நிய எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் மிச்சமாவது தேசத்துக்கு நல்லதுதான். இதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. மூடி சரியில்லாத டப்பாவில் இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்! தினம் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய தொந்தரவில்லை. எப்போதாவது எடுக்கும் சிறு எஞ்சின்களுக்கு இது ஒரு தலைவலி.

பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தான். இவை இரண்டு வீச்சு எஞ்சின்களாதலால் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்க வேண்டும். இவன் எஞ்சினுக்கு நாற்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லிலிட்டர் எண்ணெய். 'சோக்'கை மூடி நாலைந்து தடவை விசிறியைத் திருப்பினான். "டப்!" என்று ஒரு சத்தம். சோக்கைத் திறந்தான். சுற்றினான். ஒரு விநாடி உறுமிற்று, நின்றது.

மறுபடியும் சோக், மறுபடியும் "டப்", மறுபடியும் மௌனம். கோபத்தில் சோக்கைத் திறக்காமலே முப்பது தடவை சுற்றினான். அதன் பிறகு "டப்"பும் போயிற்று. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சொட்டச் சொட்ட ஈரம். பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் மூழ்கிவிட்டது. இது வேறு நோய். இதற்கு வைத்தியம் பொறுமைதான். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, பிளக்கில்லாமலே சில சுற்றுச் சுற்றி உள்ளிருந்ததை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்து உலர்த்தி, பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் நாம் காபி சாப்பிட்டோம். பையன் சாப்பிடவில்லை.

கார்புரேட்டரில் இரண்டு ஊசித் திருகாணிகள். ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, ஒன்று வேகத்துக்கு. நான்கு நாளாக இரண்டையும் திருகித் திருகி, எங்கே இருந்தன என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. இரண்டையும் மெல்ல மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்தான். புதிதாகத் தொடங்குவதற்கு இதுவே பெரும்பாலும் தோதான இடம். மறுபடியும் அதே கதை. ஒரு விநாடி ஓட்டம், பிறகு மௌனம். ஆனால் இந்தத் தடவை பிளக் காய்ந்திருந்தது.

"இப்பத்தான் அது பேசுது" என்றார் அப்புச்சி. "தாகம்னு சொல்லுது."

உண்மைதான். சோக்கினால் உள்ளே வந்த பெட்ரோல் எரிந்து தீர்ந்தவுடன் நிற்கிறதென்றால், அதற்குப் பிறகு பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். பொறியும் அழுத்தமும் நிரபராதிகள்.

*

இந்தக் கார்புரேட்டரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் மிதவைக் கிண்ணம் இதில் கிடையாது. விமானம் தலைகீழாகப் பறக்கும்போது கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பதில், காகிதம் போல் மெல்லிய இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. ஒரு சவ்வு பெட்ரோலை அளந்து விடுகிறது. இன்னொன்று பம்பு. இந்தப் பம்பை ஓட்டுவது எது? எஞ்சினேதான். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் அடியிலுள்ள அறையில் காற்று மாறி மாறி அழுந்துகிறது, தளர்கிறது. அந்தத் துடிப்பு ஒரு சின்னஞ்சிறு துவாரத்தின் வழியாகக் கார்புரேட்டருக்கு வந்து சவ்வை ஆட்டுகிறது. சவ்வு ஆட ஆடத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வருகிறது. நம் நாடித் துடிப்பைப் போலத்தான்.

கார்புரேட்டரைக் கழற்றி மூடியைத் திறந்தான். சவ்வுகள் இரண்டும் காய்ந்த வாழைச் சருகுபோல் விறைத்துக் கிடந்தன. பழைய பெட்ரோல் உள்ளேயே தங்கிக் காய்ந்ததன் பலன். உள்ளிருக்கும் சிறு சல்லடையிலும் பழுப்பாய் ஒட்டியிருந்தது. திருட்டு அகப்பட்டுவிட்டதென்று ஆனந்தப்பட்டோம். திருப்பூருக்குப் போய், மருந்து தெளிக்கும் யந்திரங்களைப் பழுது பார்க்கும் கடையொன்றில் புதிய சவ்வுகள் வாங்கி வந்தான். விமான எஞ்சினுக்கு மருந்தடிக்கும் யந்திரத்தின் சவ்வா என்று ஆச்சரியப்பட வேண்டாம். அதன் காரணத்தைச் சொன்னால் சற்றுச் சரித்திரமும் ஆகும்.

பெட்ரோல் எஞ்சின் பூட்டிப் பறந்த முதல் விமானம், மனிதன் ஏறிய விமானமல்ல, மாதிரி விமானந்தான். அமெரிக்காவில் லாங்லி என்ற விஞ்ஞானி தாம் கட்டவிருந்த பெரிய விமானத்தின் கால்பங்கு அளவில் ஒரு மாதிரி செய்து, 1901-ஆம் வருஷம் ஜூன் மாதம் பறக்கவிட்டார். பெரிய விமானம் 1903-ல் இரண்டு தடவையும் பொட்டோமாக் நதியில் விழுந்தது. அதன் எஞ்சினைச் செய்த மான்லி என்பவர்தான் இரண்டு தடவையும் ஏறி நதியில் நனைந்தவர். எஞ்சின் என்னவோ அந்தக் காலத்துக்கு அபாரமான எஞ்சின். இரண்டாவது தடவை விழுந்து ஒன்பது நாளைக்கெல்லாம் ரைட் சகோதரர்கள் பனிரண்டு குதிரைச் சக்தி எஞ்சினோடு பறந்துவிட்டார்கள். 1930-களில் பிலடெல்பியாவில் பிரௌன் என்ற இளைஞர் பத்து சி.சி. பெட்ரோல் எஞ்சின் செய்து விற்கத் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் பைத்தியமானார்கள். பொறி, சுருள், மின்கலம் என்று அவர்கள் பட்ட பாடும் நம் பையன் பட்ட பாடுதான். 1940-களின் கடைசியில் பொறியே வேண்டாத பிளக் வந்தது. பிளாட்டினக் கம்பி ஒன்று சிவந்திருக்க, மெதனால் எரிந்து ஓடும் எஞ்சின்கள் பெருகின. பெட்ரோல் வெகு காலம் மறைந்தே போயிற்று. பிறகு மரம் அறுக்கும் யந்திரத்தின் எஞ்சினை யாரோ சிலர் விமானத்தில் வைத்துப் பார்த்தார்கள். மெதனாலைவிட எத்தனையோ மலிவாகப் பறக்க முடிந்தது. மறுபடியும் பெட்ரோல் திரும்பி வந்தது. ஆகவே இன்றைய மாதிரி விமானத்தின் கார்புரேட்டரும், தோட்டத்தில் புல் வெட்டும் யந்திரத்தின் கார்புரேட்டரும், மருந்து தெளிப்பானின் கார்புரேட்டரும் அநேகமாக ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

புதிய சவ்வுகளைப் பூட்டினான். கார்புரேட்டரைக் கழற்றியபோது, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் கிழிந்துவிட்டது. கடையில் அது கிடைக்கவில்லை. பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கும் மெல்லிய அட்டையில் அழகாக ஒன்று வெட்டிக்கொண்டான். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது விளக்கு வைத்தாயிற்று. சோக், "டப்", ஒரு விநாடி உறுமல், மௌனம்.

அந்த மௌனத்தை வர்ணிக்க நமக்குத் தெரியவில்லை. நண்பர் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் பையனுக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். "நாளைக்கு மதியம் வரைக்கும் பாக்கறேன் சார்" என்று அவன் நம்மிடம் சொன்னான். தொண்டை கம்மியிருந்தது.

*

கொட்டகையில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். தைத்து வந்த பனியனை விளக்குக்கு நேரே பிடித்து, நூல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா, துணி கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு உருப்படி. மறுநாள் காலை பத்து மணிக்கு டீ வேளையில் அவர் மரத்தடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். பலகையில் கிழிந்த பழைய கேஸ்கட் கிடந்தது. அதை எடுத்து, பழக்க தோஷத்தினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, இதுல எத்தனை ஓட்டை?"

"மூணு அக்கா. நடுவுல பெரிசு ஒண்ணு, போல்ட்டுக்கு ரெண்டு."

"நாலு இருக்குதே?"

"அது கிழிஞ்சதுங்க்கா."

"கிழிஞ்சா நார் நாராத் தெரியும் தம்பி. இது இங்க வளைஞ்சு சுத்தமா வெட்டுன மாதிரி இருக்குது. ஓட்டை மேலேயே கிழிசல் போயிருக்குது." அப்புறம் சிரித்துக்கொண்டே, "தெனமும் இருக்கற ஓட்டையப் பாக்கறேன், இன்னைக்கு இல்லாத ஓட்டையப் பாக்கறேன்" என்றார்.

பையன் அவர் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. ஒன்றும் பேசாமல் கார்புரேட்டரைக் கழற்றினான். எஞ்சினின் முகத்தில், பெரிய துவாரத்துக்குப் பக்கத்தில், ஊசிக் காதைவிடச் சற்றுப் பெரிய துவாரம் ஒன்று இருந்தது. துடிப்பு வரும் வழி! அவன் வெட்டிய அட்டை அதை அடியோடு அடைத்திருந்தது. புதுச் சவ்வு இருந்தும் நாடி ஓடவில்லை. ஆகவே பெட்ரோல் வரவில்லை.

முதல் நோயை அவன் சரியாகவே தீர்த்திருக்கிறான். தீர்க்கும்போதே இரண்டாவது நோயைத் தானே உண்டாக்கிவிட்டான். இரண்டுக்கும் அடையாளம் ஒன்றாகவே இருந்ததால், முதலாவது தீரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அப்புச்சி மட்டும், "பழுது பாத்த எடத்துலதான் அடுத்த பழுது, இத நா நேத்தே சொல்லியிருக்கோணும்" என்று தம்மையே நொந்துகொண்டார்.

விலைச்சீட்டுக் கோக்கத் துளை போடும் சிறிய பஞ்சு ஒன்று கொட்டகையில் இருந்தது. அதனால் அட்டையில் நாலாவது ஓட்டையைப் போட்டான். அட்டை பெட்ரோலில் ஊறி வெகு நாள் தாங்காது; சரியான கேஸ்கட் காகிதத்தில் பிறகு வேறு வெட்டிக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கு இது போதும். செக்கிங் அம்மாளே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாஸ்" என்றார்.

கையுறையை மாட்டினான். எல்லோரையும் பின்புறம் போகச் சொன்னான். சோக்கை மூடி நான்கு சுற்று, "டப்." சோக்கைத் திறந்தான். முதல் சுற்று, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு உறுமல்; அடங்கப் போகிறதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அடங்கவில்லை. விசிறி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. மரத்தடிச் சருகெல்லாம் பின்னால் பறந்தது. வேப்பங்கொம்பில் இருந்த காக்கைகள் திருப்பூர்ப் பக்கமாகப் புறப்பட்டன. கொட்டகையில் பவர் டேபிள்கள் ஒவ்வொன்றாக நின்றன. பனிரண்டு தையல்காரர்களும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அப்புச்சி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சூடேறட்டுமென்று இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டி, கோலின் நுனியில் கட்டிய திருப்புளியால் பின்புறமிருந்தே வேக ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினான். உறுமல் கணீரென்று ஒரே சுருதியாயிற்று. அந்த இடத்திலிருந்து எண்ணெய்க் கலவை சற்றுத் தாராளமாயிருக்கும்படி அணுவளவு திரும்பத் திறந்தான். இல்லாவிட்டால் உச்சி வானத்தில் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்றான். பிறகு பொறியை நிறுத்தினான். விசிறி நின்றது.

நண்பர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். பையன் அவரைப் பார்த்தான். அவர் கெடுவைப் பற்றிப் பேசவில்லை. பலகையருகே வந்து குனிந்து, கார்புரேட்டரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, நம்ம தோட்டத்து மருந்தடிக்கிற மெஷின்லயும் இதேதானே இருக்குது?"

"ஆமாங்கப்பா."

"அது தை மாசத்துல இருந்து கெளம்பறதில்ல. புதுசு வாங்கோணும்னு மெக்கானிக் சொல்லிப் போட்டான்."

பையன் சற்று யோசித்தான். "கடைசியா ஓட்டுனப்போ பெட்ரோலை வடிச்சு வெச்சீங்களா?"

நண்பர் பதில் சொல்லவில்லை. அப்புச்சிதான் சிரித்தார். தையல்காரர்களைப் பார்த்து "போங்க, போங்க, டேபிளுக்குப் போங்க" என்று சத்தம் போட்டுவிட்டு, நண்பர் தாமே போய்ப் பரண்மேலிருந்து அந்தத் தெளிப்பானை இறக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் ஒரு விரற்கடைத் தூசி. செக்கிங் அம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கேஸ்கட்டைக் கிழிக்காமக் கழட்டு தம்பி" என்றார்.

மத்தியான பஸ்ஸுக்கு நாம் புறப்பட்டபோது அவர்கள் நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிளக்கை வெளியே எடுத்தாயிற்று, காய்ந்திருந்தது.